இலையில் ரசம் ஊற்ற ஆள் இல்லை, சேவைக் கட்டணம் மட்டும் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் எங்கள் குடியிருப்புப் பேட்டையில் இருக்கும் இந்திய உணவகத்தைப் பற்றி எழுதுகிறேன். கடையின் பெயர் வேண்டாம், ஏனென்றால் ஈசூனில் இருக்கும் நாத்தனாரும் சுவா சூ காங்கில் இருக்கும் தோழியும் அவரவர் பக்கத்துக் கடையைப் பற்றி இதையேதான் சொல்கிறார்கள். மேசையில் ஒரு கியூஆர் குறியீட்டை ஒட்டிவைத்திருக்கிறார்கள். நாமே கைப்பேசியில் படம் பார்த்து, நாமே தட்டி, நாமே பணத்தையும் கட்டி, தண்ணீரும் நாமே போய்ப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தால், ரசீதில் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் என்று ஒரு வரி இருக்கிறது. எந்தச் சேவைக்கு என்று கல்லாவில் இருந்த பையனிடம் கேட்டேன். “சிஸ்டத்துல அப்படித்தான் வருது அக்கா” என்று சிரித்தான். அவனைச் சொல்லி என்ன பயன்.

கணக்கைப் பாருங்கள். பட்டியலில் 10 வெள்ளி என்று போட்டிருக்கும் ஒரு சாப்பாடு. அதோடு சேவைக் கட்டணம் சேர்ந்து 11 வெள்ளி. 9 விழுக்காடு பொருள் சேவை வரி அந்த 11 வெள்ளிக்குத்தான் போடப்படுகிறது, 10 வெள்ளிக்கு இல்லை, அதாவது கட்டணத்துக்கும் சேர்த்து வரி கட்டுகிறோம். கடைசியில் 11 வெள்ளி 99 காசு. நான்கு பேர் போனால் ஏறக்குறைய 8 வெள்ளி கூடுதல், அதில் பேரனுக்கு ஒரு சாப்பாடே வாங்கியிருக்கலாம். வரி 2022 வரைக்கும் 7 விழுக்காடாக இருந்து, 2023இல் 8, 2024இல் 9 என்று ஏறியது எல்லாருக்கும் தெரியும், அதைப் பற்றி உணவகத்தாரிடம் சண்டை போட முடியாது, அது அரசாங்கத்துக்குப் போகிறது. சேவைக் கட்டணம் அப்படி இல்லை. அதை வாங்கியே தீரவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை, வாங்கினால் பரிமாறுகிறவர்களுக்குத்தான் கொடுக்கவேண்டும் என்றும் சட்டம் இல்லை. நம்மில் பல பேர் அது டிப்ஸ் மாதிரி அந்தப் பிள்ளைகளுக்குப் போகிறது என்று நினைத்துக்கொண்டு பேசாமல் கட்டிவிட்டு வருகிறோம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. வரி வாங்கும் கடை எதுவானாலும் வரியையும் சேர்த்த விலையைத்தான் காட்டவேண்டும் என்பது இங்கே விதி. சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் மட்டும் அதில் விலக்கு உண்டு, விலையில் இவை சேரவில்லை என்று தெளிவாக எழுதிவைத்தால் போதும். பட்டியலின் ஓரத்தில் இரண்டு கூட்டல் குறி பார்த்திருப்பீர்களே, அதுதான். ஆக, சேவைக் கட்டணம் போடுகிற கடைக்குப் பட்டியலில் குறைந்த விலையைக் காட்டுகிற சலுகையும் கூடவே கிடைத்துவிடுகிறது. விதியை எழுதியவர்கள் வேறு எதையோ மனத்தில் வைத்து எழுதியிருக்கலாம், நடப்பது இதுதான்.

கடைக்காரர்களின் கஷ்டமும் தெரியாமல் இல்லை. வாடகை ஒரு பக்கம், ஆள் பஞ்சம் ஒரு பக்கம். இந்தியாவிலிருந்து சமையல்காரரை வேலை அனுமதிச் சீட்டில் கொண்டுவர மனிதவள அமைச்சு 2023 செப்டம்பரிலிருந்துதான் வழி திறந்துவிட்டது. அதற்கும் மாதச் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி கொடுக்கவேண்டும், மொத்த ஊழியர்களில் இப்படி வருகிறவர்கள் 8 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்றும் வரம்பு இருந்ததால், சின்னக் கடைக்கு ஒருவர் கிடைத்தாலே பெரிது. அதுவும் அடுப்படிக்கு மட்டும். பரிமாறுவதற்கு அங்கிருந்து அப்படி ஆள் எடுக்க முடியாது. உள்ளூர்ப் பிள்ளைகள் இந்த வேலைக்கு வருவதில்லை, நம் பிள்ளைகளை நாமே அனுப்பமாட்டோம், உண்மையைச் சொல்லவேண்டும் இல்லையா. அதனால் சமையல்கட்டு எப்படியோ ஓடுகிறது, மேசைப் பக்கம்தான் காலியாக இருக்கிறது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் கியூஆர் வந்தது. சரி, வரட்டும். ஆள் வைக்க முடியாததால் ஒரு குறியீட்டை ஒட்டினீர்கள் என்றால், ஆளுக்கான கட்டணத்தையும் எடுத்துவிடவேண்டாமா? சம்பளமும் மிச்சம், கட்டணமும் வரவு என்றால் எப்படி?

காப்பிக் கடையில் நாமே வரிசையில் நின்று வாங்கி, சாப்பிட்டபின் தட்டையும் நாமே திருப்பி வைக்கிறோம், 2022 ஜனவரியிலிருந்து வைக்காவிட்டால் அபராதம்கூட உண்டு. அங்கே யாரும் சேவைக் கட்டணம் கேட்பதில்லை. போட்டிருக்கும் விலையைக் கொடுத்துவிட்டு வருகிறோம், மனசில் ஒரு குறையும் இல்லை.

பரோட்டாக் கடைக்குக் கியூஆர் பரவாயில்லை என்பேன். ரெண்டு கோசோங் என்கிற வெறும் பரோட்டா, ஒரு முட்டை பரோட்டா, ஒரு தே ஹாலியா என்கிற இஞ்சி டீ, இதைத் தட்டிவிடலாம். வாழையிலைச் சாப்பாட்டுக்கு இது சரிப்படவே படாது. இலைச் சாப்பாடு ஒரே தடவையில் கேட்டு வாங்கி முடிகிற சாப்பாடா? முதலில் சாம்பாரோ மீன் குழம்போ, அப்புறம் கொஞ்சம் சோறு, அப்புறம் ரசம், நடுவில் கூட்டு தீர்ந்துபோகும், அப்பளம் ஒன்று கூட வேண்டியிருக்கும், கடைசியில் மோர். வாளியோடு ஒருவர் மேசைக்கு மேசை வந்துகொண்டே இருந்தால்தான் அது நடக்கும். அவர் இலையைப் பார்த்தே தெரிந்துகொள்வார், நாம் வாயைத் திறக்கவே வேண்டாம், கையை இலைக்கு மேல் காட்டினால் நிறுத்திவிடுவார். எங்கள் பக்கத்துக் கடையில் இப்போது எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ரசம் ஒரு சின்னக் கிண்ணத்தில், நாம் சாம்பார்ச் சோற்றைத் தாண்டுவதற்குள் ஆறிப்போய்விடும். இன்னும் கொஞ்சம் கூட்டு வேண்டுமென்றால், குழம்பு பட்ட கையைத் துடைத்துவிட்டு மறுபடியும் கைப்பேசியை எடுத்து, ‘கூடுதல்’ என்று இருக்கும் பக்கத்தைத் தேடி, 1 வெள்ளி 50 காசு கட்டவேண்டும். இடது கையால் தட்டிப் பாருங்கள், அப்போது தெரியும்.

மீன்தலைக் கறியும் அப்படித்தான். கேரளத்திலிருந்து வந்த ஒருவர் இங்கே சீன வாடிக்கையாளர்களுக்காகச் செய்ய ஆரம்பித்தது என்று சொல்வார்கள், ஆகவே நம் சிங்கப்பூரிலேயே பிறந்த பண்டம், அதை எப்படி வாங்குவது என்பதும் இங்கேயே பழகிய வழக்கம். முன்பெல்லாம் பரிமாறும் அண்ணன், “இன்னிக்குப் பெரிய தலை வேணாம், சின்னது நல்லா வந்திருக்கு” என்று காதோடு சொல்லிவிட்டுப் போவார். திரையில் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்றுக்கும் ஒரே படத்தைப் போட்டிருக்கிறார்கள்.

என் அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கண் புரை அறுவை செய்தவர். லிட்டில் இந்தியா என்கிற தேக்காவரை எம்ஆர்டி ரயில் ஏறிப் போக முடியாது, அதனால்தான் வீட்டுக்குக் கீழே நடக்கிற தூரத்தில் இப்படி ஒரு கடை வந்தபோது அவ்வளவு சந்தோஷப்பட்டார். ஆனந்த பவன் 1924இல் வந்தது, கோமள விலாஸ் 1947இல் வந்தது, அந்தக் காலத்தில் நல்ல சைவச் சாப்பாடு என்றால் சிராங்கூன் சாலைக்குத்தான் போகவேண்டும், இப்போது பேட்டைக்குப் பேட்டை கிடைக்கிறது என்று யார் வந்தாலும் சொல்வார். இப்போது தனியாக அங்கே போவதை நிறுத்திவிட்டார். திரையில் இருக்கும் எழுத்து பொடியாக இருக்கிறது, அதிலும் எல்லாமே ஆங்கிலம், தமிழர் நடத்துகிற கடையில் ஒரு வரி தமிழ் இல்லை. பணியாளரைக் கூப்பிட்டால் “ஸ்கேன் பண்ணுங்க ஐயா” என்று மேசையைக் காட்டுகிறார்கள், மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். கடைகளில் செலவழிக்க அரசாங்கம் கொடுக்கிற சிடிசி பற்றுச்சீட்டைக்கூட, கைப்பேசி பழக்கம் இல்லாதவர்கள் சமூக மன்றத்தில் அச்சிட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று வழி வைத்திருக்கிறார்கள். ஒரு தோசைக்கு அந்த வழி இல்லை.

வாடிக்கையாளர்கள் பக்கமும் தப்பு இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். மூன்று தடவை பொரியல் கேட்டு வாங்கி இலையிலேயே வைத்துவிட்டு எழுந்துபோகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். ‘கூடுதல்’ பக்கம் வந்ததற்கு அவர்களும் ஒரு காரணம். விரலைச் சொடுக்கிக் கூப்பிடுகிறவர்கள் இருக்கிற வரைக்கும் யார் அந்த வேலைக்கு வருவார்கள்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கியூஆர் மட்டும்தான் என்றால் சேவைக் கட்டணத்தை எடுத்துவிடுங்கள். கட்டுப்படியாகவில்லை என்றால் சாப்பாட்டின் விலையையே ஏற்றி, கடைசியில் கட்டவேண்டிய தொகையைப் பட்டியலில் எழுதுங்கள், 12 வெள்ளி என்றால் 12 வெள்ளி என்று தெரிந்தே வந்து உட்காருகிறோம். கட்டணம் வேண்டும் என்றால் மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டரை வரைக்குமாவது வாளியோடு ஓர் ஆளை விடுங்கள். முழு நேர ஆள் கிடைக்காவிட்டால், பேட்டையிலேயே அந்த இரண்டரை மணி நேரத்துக்கு மட்டும் வரத் தயாராக இருக்கும் அக்காமார்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், கடை வாசலில் ஒரு தாள் ஒட்டிப் பாருங்கள். தமிழில் பெரிய எழுத்தில் அச்சடித்த பட்டியல் நான்கைந்து கல்லாவில் இருக்கட்டும், கேட்கிறவர்களுக்குக் கொடுக்கலாம். இந்த வட்டாரங்களில் கடை நடத்துகிறவர்கள் யாராவது உங்கள் நாளிதழில் பதில் எழுதினால், சேவைக் கட்டணத்தில் எவ்வளவு பணியாளர்களின் கைக்குப் போகிறது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

அதுவரைக்கும் நாங்கள் பார்சல் கட்டிக்கொண்டு வந்து வீட்டில் வைத்துச் சாப்பிடுவதாக முடிவு செய்திருக்கிறோம். பார்சலுக்குச் சேவைக் கட்டணம் இல்லை. டப்பாவுக்கு 30 காசு வாங்குகிறார்கள், அது நியாயம்தான், டப்பாவையாவது கொடுக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி,
உட்லண்ட்ஸ்