மாஸ்டொடான் போலிக் கணக்கு: உறுப்பினர் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம்.

நம் செயலாளரின் பெயரும் படமும் தாங்கிய போலிக் கணக்கொன்று, பொள்ளாச்சி சந்திப்புக்கென்று மாஸ்டொடான் என்ற சமூக வலைப்பின்னலில் பணம் கேட்டு வருகிறது. 2016-இல் தொடங்கிய, வெவ்வேறு ஆட்கள் நடத்தும் பல சர்வர்களாக இயங்கும் அவ்வலைப்பின்னலுக்கு ஒரே நிர்வாகம் இல்லாததாலும், ஒரே பயனர்பெயரை ஒவ்வொரு சர்வரிலும் வெவ்வேறு ஆட்கள் எடுத்துக்கொள்ள முடிவதாலும், பெயரை மட்டும் பார்த்து நம்ப வேண்டாம்.

1. பெயரையடுத்து வரும் சர்வர் முகவரியையும் படியுங்கள்.
2. சுயவிவரத்திலுள்ள இணையதள இணைப்பு பச்சையாகத் தெரிந்தால், அத்தளமும் அக்கணக்கைத் திருப்பிச் சுட்டுகிறது என்பதே பொருள். தளம் யாருடையது என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் டிக் எமோஜியை யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம்.
3. பணம் அனுப்பியவர்கள் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.
4. உங்கள் மாஸ்டொடான் கணக்கின் முழு முகவரியை (பயனர்பெயரும் சர்வரும் சேர்த்து) வரும் சனிக்கிழமை இரவு 8 மணிக்குள் இங்கே பதிவிடுங்கள். கணக்கு இல்லாதவர்கள் ‘இல்லை’ என்று பதிலளித்தால் போதும்.