எக்ஸ்எம்எல்லைக் கையால் ஒட்டுபவர்களுக்கு ஒரு மடல்

தரவுத்தள வினவல் முடிவுகளை எக்ஸ்எம்எல் (தரவைக் குறிச்சொற்களுக்குள் எழுதும் வடிவம்) கோப்பாக அனுப்பிவைக்கும் நிரலாளர்களுக்கு, வணக்கம்.

உங்கள் கோப்புகளை வாங்கி இன்னொரு தரவுத்தளத்தில் ஏற்றுவது என் வேலை. சென்ற மாதக் கோப்பில் 1,163 வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். உங்கள் அட்டவணையிலோ 1,200 பேர். பிழைச் செய்தி ஒன்றுகூட வரவில்லை. கோப்பு இலக்கண சுத்தமாகத் திறந்தது. இரண்டு நாள் தேடிய பிறகுதான் பிடிபட்டது: விடுபட்ட 37 பேருக்கும் தொலைபேசி எண் பதிவாகியிருக்கவில்லை.

வினவலை வாங்கிப் பார்த்தேன். தொடக்கக் குறிச்சொல், நெடுவரிசை, முடிவுக் குறிச்சொல் என்று பூத்தொடுப்பதுபோல் சரங்களை ஒட்டியிருந்தீர்கள். வினவல் மொழியான எஸ்க்யூஎல்லின் தரநிலைப்படி, சரத்தோடு 'நல்'லை, அதாவது மதிப்பே இல்லை என்ற குறியை, ஒட்டினால் விடை முழுவதுமே 'நல்' ஆகிவிடும். பெயர்தான் நல், செய்வதெல்லாம் கெடுதல். பெயரும் முகவரியும் இருந்தும், எண் ஒன்று இல்லாததால் ஆளே மறைந்துபோனார். (ஆரக்கிள் தரவுத்தளமோ, ஒட்டும்போது நல்லை வெற்றுச் சரமாக எடுத்துக்கொள்ளும். அங்கே ஓடிய வினவலை நம்பி வேறிடத்தில் ஏமாறுவது எளிது.)

நிறுவனப் பெயரில் ஒரு & வந்தாலும் இந்த ஒட்டுவேலை உடையும். அதை மன்னித்துவிடுவேன், கோப்பைத் திறந்த நொடியே கத்திவிடும் பிழை அது. சத்தமில்லாமல் ஆளை விழுங்குவதுதான் பொறுக்கவில்லை.

இத்தனைக்கும் எக்ஸ்எம்எல்லைத் தாமே உருவாக்கித் தரும் எக்ஸ்எம்எல்எலிமென்ட், எக்ஸ்எம்எல்ஆக் போன்ற செயற்கூறுகள் 2003ஆம் ஆண்டு எஸ்க்யூஎல் தரநிலையிலேயே வந்துவிட்டன. போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள் ஆகிய இரு தரவுத்தளங்களிலும் உண்டு. மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரில் இதே வேலைக்கான 'ஃபார் எக்ஸ்எம்எல்' 2000ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தே இருக்கிறது. அதன் 'பாத்' வகை 2005இல் சேர்ந்தது. சிறப்புக் குறியீடுகளை இவையே மாற்றி எழுதிக்கொள்ளும்.

அங்கும் ஒரு கண்ணி இருக்கிறது. 'ஃபார் எக்ஸ்எம்எல் பாத்' ஆளை விழுங்காது, ஆனால் நல் வந்த உறுப்பை எழுதாமல் தாண்டிவிடும். எண் இல்லையா, நெடுவரிசையையே எடுக்க மறந்தீர்களா என்று எனக்கு எப்படித் தெரியும்? 'எலிமென்ட்ஸ் எக்ஸ்எஸ்ஐநில்' என்று சேருங்கள். மதிப்பு இல்லை என்பதைக் கோப்பே சொல்லும். 'ரூட்'டையும் மறக்க வேண்டாம். வேர் உறுப்பு இல்லாமல் வரும் துண்டுகளை முழு ஆவணமாக என் நிரல் ஏற்காது.

அடுத்த கோப்பின் வேர் உறுப்பில் மொத்த வரிசைகளின் எண்ணிக்கையையும் ஒரு பண்பாக எழுதி அனுப்புங்கள். அட்டவணையிலிருந்து தனியாக எண்ணிய எண்ணிக்கையாக அது இருக்கட்டும். அதுவும் கோப்பில் உள்ள வரிசைகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போனால்தான் ஏற்றுவேன்.

இப்படிக்கு,
மறுமுனையில் கோப்பைத் திறப்பவன்