நாற்றின் உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள்

டெல்டா மாவட்டங்களின் வேளாண் விரிவாக்க அலுவலர்களுக்கு வணக்கம்.

நான் திருவாரூர்ப் பக்கம் கடைமடை விவசாயி. மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துசேர நாளாகும். அதற்குள் நாற்றங்காலில் குறுவை நாற்று முற்றிவிடுகிறது. ஒரு வருஷம் 35 நாள் தாண்டிய நாற்றை நட்டேன். பத்து நாளாகியும் பச்சை பிடிக்கவில்லை. உங்கள் வேளாண் முகாமில் கேட்டதற்கு, "நல்ல உயரமான நாற்றுதானே, தாங்கும்" என்றார்கள். வேரை யாரும் பார்க்கவில்லை.

நாற்றின் உயரம் ஏன் ஏமாற்றுகிறது என்று சொல்கிறேன். எந்த உயிருக்கும் உடம்பு பெருத்தால் அதைக் காப்பாற்ற ஆகும் சத்துச் செலவும் பெருகும். ஆனால் எந்த அளவில்? எடை பத்து மடங்கு கூடினால் செலவு ஏறக்குறைய 5.6 மடங்குதான் கூடும் என்று விலங்குகளை வைத்து 1932-ல் மாக்ஸ் கிளைபர் என்ற விஞ்ஞானி கணக்குச் சொன்னார். செடிகளுக்கு அது அப்படியே பொருந்தவில்லை. 2010-ல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக முளைக்கன்று முதல் பெருமரம் வரை வேரோடு பெயர்த்து, அந்தச் செலவைக் காட்டும் சுவாசத்தை அளந்திருக்கிறார்கள். பெருமரங்கள் கிளைபர் கணக்கை ஒட்டி வந்தன. சிறு கன்றுகளிலோ எடை இரட்டித்தால் சுவாசமும் கிட்டத்தட்ட இரட்டித்தது. மரத்தின் நடுவே இறுகிப்போன வைரக்கட்டை செத்த திசு, அதற்குச் செலவில்லை. கன்றில் அப்படிச் சும்மா கிடக்கும் பாகம் மிகக் குறைவு.

நெல் நாற்றும் அப்படித்தான். முற்றிய நாற்றைப் பறிக்கும்போது பாதி வேர் சேற்றிலேயே அறுந்து நின்றுவிடுகிறது. மேலே இருக்கும் இலையும் தண்டும் மட்டும் குறையவில்லை. அத்தனைக்கும் தண்ணீர் கொடுக்க மிச்சமிருக்கும் வேரால் முடியாது. இலை நுனி கருகுகிறது, அதனால் புது வேர் விடச் சர்க்கரையும் போதுவதில்லை. 14 நாள் நாற்றைப் பாருங்கள். அடியில் நெல்மணி ஒட்டியிருக்கும், வேர் பெரிதாக அறுபடாது, தாங்க வேண்டிய மேல்பாகமும் சிறிது. நட்ட சில நாளில் வெள்ளை வேர் விடுகிறது.

சம்பாவுக்கும் இதையே சொல்ல மாட்டேன். ஐப்பசி மழையில் சின்ன நாற்று முழுசாக மூழ்கிவிடும். நெல்வேருக்குக் காற்று இலை வழியாகத்தான் இறங்குகிறது, இலை மூழ்கினால் வேரும் திணறும். அங்கே உயரம் வேண்டும்தான்.

நான் கேட்பது இரண்டு. குறுவை முகாமுக்கு ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவாருங்கள். 14 நாள் நாற்றையும் 35 நாள் நாற்றையும் பறித்து, அலசி, வெள்ளைத் துணியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அப்புறம், விதைப்பு நாளை மேட்டூர் திறப்பிலிருந்து எண்ணாமல், அந்தந்த வாய்க்காலின் கடைமடைக்குத் தண்ணீர் வரும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கடைமடை விவசாயி