கோள்களுக்கு இசை: ஹோல்ஸ்ட் முதல் ஆள் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் விண்வெளியும் இசையும் பற்றி வந்த கட்டுரையை வளவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் இங்கிலாந்தின் குஸ்தாவ் ஹோல்ஸ்ட்தான் கோள்களுக்குத் தனித்தனியே இசை அமைத்த முதல் ஆள் என்ற வரி தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது.

ஹோல்ஸ்ட் அந்த வேலையைத் தொடங்கியது 1914-இல். நம் கர்நாடக இசை மேதை முத்துசுவாமி தீட்சிதர் எட்டயபுரத்தில் காலமானது 1835-இல். ஞாயிறு முதல் சனி வரை ஏழு கிழமைக்குரிய ஏழு பேருக்கும் ஆளுக்கொரு ராகத்தில் கீர்த்தனை பாடிவைத்துவிட்டுப் போனவர் அவர். சூரியனுக்கு சௌராஷ்டிரம், சந்திரனுக்கு அசாவேரி, செவ்வாய்க்குச் சுருட்டி, புதனுக்கு நாட்டக்குறிஞ்சி, வியாழனுக்கு அடாணா, வெள்ளிக்குப் பரஸ், சனிக்கு யதுகுலகாம்போதி. தாளத்திலும் துருவம், மட்டியம், ரூபகம் என்று தொடங்கி ஏகம் வரை சூளாதி எனப்படும் அடிப்படைத் தாளம் ஏழும் வரிசை குலையாமல் வரும். ஒரு வாரத்தையே தாளக் கணக்கில் கட்டிப்போட்ட மாதிரி.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஹோல்ஸ்டின் செவ்வாய் போரைக் கொண்டுவருகிறவன். ஐந்து எண்ணிக்கையில் இடித்துக்கொண்டே வருவான். கேட்டால் நெஞ்சு படபடக்கும். தீட்சிதரின் செவ்வாய் சுருட்டியில் வருகிறான். சுருட்டியைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அதில் சண்டைக்கு இடமே கிடையாது. சனியிடம் வந்தால் மட்டும் இரண்டு பேரும் ஒத்துப்போகிறார்கள். சனைச்சரன் என்றாலே மெல்ல நடப்பவன் என்றுதான் பொருள். சூரியனை ஒருமுறை சுற்ற அவனுக்குச் சுமார் 29½ ஆண்டு ஆகிறது. யதுகுலகாம்போதியும் அவசரப்படாத ராகம். ஹோல்ஸ்டும் சனிக்கு முதுமை என்று பெயர் வைத்து, கிழவர் காலடி எடுத்து வைப்பது போலத்தான் ஆரம்பிக்கிறார்.

இன்னொரு வேடிக்கை. தீட்சிதரின் ராகு, கேது கீர்த்தனைகள் பிற்காலத்தில் வேறு யாரோ சேர்த்தவை என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. ஹோல்ஸ்டுக்கும் அதே கதை. அவர் எழுதியதும் ஏழுதான். 1930-இல் புளூட்டோவைக் கண்டுபிடித்தபோது அவர் உயிரோடு இருந்தும் அதைத் தொடவில்லை. 2000-இல் காலின் மேத்யூஸ் என்பவர் புளூட்டோவுக்கு ஒன்று எழுதி ஒட்டவைத்தார். ஆறு வருஷத்தில் புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள்!

அப்புறம், மேற்கே வானத்தை அறிவியலாகப் பார்த்துப் பாடினார்கள், நாம் கிரக தோஷத்துக்குப் பயந்து பாடினோம் என்ற தொனி அந்தக் கட்டுரையில் இருந்தது. இது எனக்குச் சம்மதமில்லை. ஹோல்ஸ்ட் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு எழுத உட்காரவில்லை. நண்பர் ஒருவர் பழக்கிவிட்ட ஜோதிடத்தில் ஆழ்ந்துபோய் எழுதினார். தெரிந்தவர்களுக்கு ஜாதகம் கணித்துச் சொல்வதில் அவருக்கு ஆசை அதிகம். சமஸ்கிருதம் கற்று ரிக் வேதப் பாடல்களுக்கு இசை அமைத்தவரும் அவரே. அவரை அறிவியல் பக்கமும் நம்மவர்களைத் தோஷத்தின் பக்கமும் நிறுத்துவது என்ன நியாயம்?

பயந்து பாடியதும் உண்டுதான், இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் அப்பத்தா தினமும் விளக்கேற்றியதும் கோளறு பதிகம் சொல்வார்கள். ஆனால் அந்தப் பாட்டே, ஒன்பதும் நல்லவைதான், பயப்படாதே என்றுதானே சொல்கிறது? பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் என்று ஒன்று வைத்து, நிலாவைக் கூப்பிட்டு, வந்து பிள்ளையோடு விளையாடு என்று கெஞ்சியும் மிரட்டியும் பாடியவர்களா வானத்துக்குப் பயந்தவர்கள்?

வானத்தையும் இசையையும் சேர்த்துப் பார்த்தவர்கள் என்று கட்டுரையாளர் பித்தாகரஸையும் கெப்ளரையும் சொன்ன இடத்தில், நம் பழந்தமிழ் இசைக் கணக்கான வட்டப்பாலையையும் சொல்லியிருக்க வேண்டும். சிலப்பதிகார உரையில் இருக்கிறது. ஒரு வட்டத்தில் பன்னிரண்டு இராசி வீடுகளைப் போட்டு, அவற்றில் ஏழு சுரங்களைக் குடிவைத்தார்கள். குரல் என்ற ஸட்ஜம் துலாத்தில், இளி என்ற பஞ்சமம் இடபத்தில். துலாத்தை ஒன்று என்று எண்ணிக்கொண்டு போனால் இடபம் எட்டாவது வீடு. ஸ்தாயியின் பன்னிரண்டு சுரத்தானங்களில் ஸட்ஜத்தை ஒன்று என்று எண்ணினால் பஞ்சமமும் எட்டாவதுதான். வீணை மெட்டில் விரல் வைத்து எண்ணிப் பார்க்கலாம். காரைக்குடி வீணை என்று பேர் வாங்கிய இந்தச் சீமையிலேயே இது பிள்ளைகளுக்குத் தெரியாமல் போனது எனக்கு வருத்தம்.

கருந்துளை பாடுகிறது என்ற பகுதியிலும் ஒரு குறை. பெர்சியஸ் விண்மீன் திரள்கூட்டத்தில், நடுவிலுள்ள கருந்துளை எழுப்பும் அழுத்த அலைகள் இருப்பது உண்மை. ஆனால் 2022-இல் நாசா வெளியிட்ட ஒலி, நம் காதுக்கு எட்டாத அந்த அலைகளை 57, 58 ஸ்தாயி மேலே ஏற்றிச் செய்தது. நம் வீணைக்கு மூன்றரை ஸ்தாயிதான். இதைச் சொல்லாமல் விட்டால், யாரோ அங்கே போய் மைக் வைத்துப் பதிவு செய்தார்கள் என்று வாசகர் நினைத்துவிடுவார்.

1977-இல் வாயேஜர் விண்கலத்தில் அனுப்பிய தங்க இசைத்தட்டில் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்கர் பாடிய பைரவி இருப்பதை எழுதியிருந்தீர்கள். அதே தட்டில் 55 மொழிகளில் வணக்கம் இருக்கிறது. தெலுங்கு, கன்னடம், சிங்களம் எல்லாம் உண்டு, தமிழ் இல்லை. இதைக் கேட்டு என் பேரன் ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். புதன் கோளில் ஒரு பெரிய பள்ளத்துக்குத் தியாகராஜர் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று சொல்லித்தான் சமாதானப்படுத்தினேன். புதனுக்குப் பாடினவர் தீட்சிதர்தானே, அவர் பெயரை ஏன் வைக்கவில்லை என்று திருப்பிக் கேட்கிறான்.

முதல் ஆள் என்ற அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். கூடவே வட்டப்பாலைக்கு அரைப் பக்கம் ஒதுக்கி, படத்தோடு வெளியிட்டால் வெட்டி எடுத்து வீணைப் பெட்டிக்கு உள்பக்கம் ஒட்டிவைத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கானாடுகாத்தான்.