சளியின் நிறத்தை வைத்து முடிவு செய்யலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பகுதியில் அண்மையில் சைனஸ் தொல்லை பற்றி வெளியான கட்டுரையில், மூக்குச்சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறிவிட்டால் பாக்டீரியா தொற்றிவிட்டது என்று பொருள், உடனே ஆன்டிபயாடிக் தொடங்கிவிட வேண்டும் என்று எழுதப்பட்டிருந்தது. மருத்துவ மாணவர்களுக்கு நெடுங்காலம் உடற்கூறியல் கற்பித்தவன் என்ற முறையில் இதை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது. சளிக்கு அந்த நிறத்தைக் கொடுப்பது பெரும்பாலும் பாக்டீரியா அல்ல. தொற்றை எதிர்க்க வந்து மடிந்த வெள்ளணுக்களில் இயல்பாகவே உள்ள பச்சை நிற நொதிதான். வைரஸால் வரும் சாதாரண ஜலதோஷத்திலும் சில நாட்களில் சளி கெட்டிப்பட்டு நிறம் மாறும். அதன் பிறகு தானாகவே தெளிந்துவிடும்.

சைனஸ் என்பவை மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறைகள். நெற்றியிலும், கன்னங்களிலும், கண்களுக்கு இடையிலும், மூக்கின் பின்கோடியிலும் நான்கு இணைகளாக இவை அமைந்திருக்கின்றன. இவற்றுள் பெரியது கன்னத்து எலும்பிலுள்ள மேல்தாடை சைனஸ். வளர்ந்தவர்களில் அதன் கொள்ளளவு ஏறத்தாழ 15 மில்லிலிட்டர். வெளிச்சுவரைத் திறந்துவைத்த மண்டை ஓட்டைக் கையில் கொடுத்து, இந்த அறையிலிருந்து சளி எந்த வழியாக வெளியேறும் என்று கேட்டால், ஏறக்குறைய எல்லா மாணவர்களும் அறையின் அடித்தளத்தில்தான் துளையைத் தேடுவார்கள். துளை அங்கே இருக்காது; மூக்கை நோக்கிய சுவரில், கூரையை ஒட்டி, சில மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கும். ஆகவே சளி வெறுமனே வடிந்து வெளியேறிவிட முடியாது. அறையின் உட்சவ்வில் உள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் ஓயாமல் அசைந்து அதை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஜலதோஷத்தாலோ ஒவ்வாமையாலோ சவ்வு வீங்கித் துளை அடைபட்டால் சளி உள்ளே தேங்குகிறது, கன்னம் கனக்கிறது, குனிந்தால் வலி கூடுகிறது. சைனஸ் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த வடிகால் கெடுவதில் தொடங்குகின்றன.

அதே அறையின் அடித்தளத்துக்கு மிக அருகில் மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் இருக்கின்றன. சிலருக்கு அவற்றின் நடுவே நூலிழை அளவு எலும்புகூட இராது. சைனஸ் அழற்சியில் பல் வலிப்பதற்கும், சொத்தைப் பல்லின் சீழ் சைனஸை எட்டுவதற்கும் இதுவே காரணம். ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமுள்ள சளி தொடர்ந்து வந்தால் பல் மருத்துவரையும் பார்க்க வேண்டும் என்பதைத் தங்கள் கட்டுரை குறிப்பிடவே இல்லை.

நிறத்தைக் காட்டிலும் நம்பத்தக்கது நாள்கணக்கு. பெரியவர்களுக்கு வரும் ஜலதோஷங்களில் பாக்டீரியாவால் ஆன சைனஸ் அழற்சியாக மாறுபவை நூற்றுக்கு இரண்டுக்கு மேல் இல்லை. பத்து நாட்களாகியும் சற்றும் குறையாமல் இருப்பது, குறைந்து வந்த தொல்லை ஐந்தாறு நாட்களில் திடீரென மீண்டும் முற்றுவது, தொடக்கத்திலேயே மூன்று நான்கு நாட்கள் விடாமல் கடும் காய்ச்சலும் முக வலியும் சீழ்ச்சளியும் சேர்ந்திருப்பது ஆகியவை பாக்டீரியாவைச் சந்தேகிக்க இடம் தருகின்றன. அப்போதும் ஆன்டிபயாடிக் வேண்டுமா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். பன்னிரண்டு வாரங்களைத் தாண்டினால் அது நாள்பட்ட அழற்சி. மூக்கினுள் சதை வளர்ச்சி, ஒவ்வாமை, ஆஸ்துமா எனத் தேடிப் பார்க்க வேண்டியவை வேறு. அதற்கு மாத்திரையை மாற்றி மாற்றி விழுங்குவது எந்தப் பயனும் தராது.

தலைவலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தமக்கு இருப்பது சைனஸ் தலைவலி என்று தாமாகவோ மருத்துவர் சொல்லியோ நம்பியிருந்த ஏறத்தாழ 3,000 பேரைப் பரிசோதித்து 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், அவர்களில் 88 சதவீதத்தினரின் அறிகுறிகள் மைக்ரேன் வகையைச் சேர்ந்தவையாக இருந்தன. மைக்ரேனிலும் மூக்கடைப்பும் கண்ணீரும் வரும் என்பதால்தான் இந்தக் குழப்பம். வெளிச்சத்தைப் பார்க்கக் கூசி, குமட்டலோடு அடிக்கடி வந்துபோகும் தலைவலிக்கு ஆண்டுக்கணக்கில் சைனஸ் மருந்து சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேரோ!

கட்டுரையில் பரிந்துரைக்கப்பட்ட மூக்கடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை ஐந்து நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், அந்த மருந்தே அடைப்பை உண்டாக்கத் தொடங்கிவிடும். இந்த எச்சரிக்கை அவசியம் இடம்பெற்றிருக்க வேண்டும். உப்புநீரால் மூக்கைக் கழுவுவது நல்ல முறைதான். ஆனால் கொதிக்கவைத்து ஆறவைத்த நீரையோ காய்ச்சி வடித்த நீரையோ மட்டுமே பயன்படுத்த வேண்டும். சுத்திகரிக்காத நீரில் இருக்கக்கூடிய ஒருவகை அமீபா மூக்கின் வழியாக மூளையை எட்டினால், அரிதாகவே நேர்ந்தாலும், உயிர் பிழைப்பது மிகக் கடினம். குழந்தைகளுக்குக் கொதிநீர்ப் பாத்திரத்தில் ஆவி பிடிப்பதால் கிடைக்கும் நன்மையைவிட, பாத்திரம் கவிழ்ந்து உடல் வெந்துபோகும் ஆபத்தே பெரிது.

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரட்டையாகத் தெரிவது, கழுத்து விறைப்பு, தாங்க முடியாத தலைவலி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சைனஸ் அறைகளைக் கண்குழியிலிருந்தும் மூளையிலிருந்தும் பிரிப்பது மெல்லிய எலும்புத் தகடு மட்டுமே. இந்த அறிகுறிகளையும், ஆன்டிபயாடிக் பற்றிய திருத்தத்தையும் கட்டுரை வெளியான அதே பகுதியில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கூறியல் ஆசிரியர்