தாயுமானவரிடம் சொல்லிவிட்டு வந்தேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலமா? கால் வீக்கம் வடிந்ததா? போனில் கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாய். கடிதம் என்றால் எனக்கும் நிதானமாகச் சொல்ல வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகத் திருச்சிக்குப் போயிருந்தோம். அண்ணன்தான் வண்டி ஓட்டினான். அப்பா, அண்ணி, குழந்தைகள் இரண்டு பேர், நான். காலையில் ஸ்ரீரங்கம், அப்புறம் திருவானைக்காவல். அந்த இரண்டையும் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். நான் சொல்ல வந்தது மலைக்கோட்டையைப் பற்றி.

சாயங்காலம் நடை திறந்ததும் அடிவாரத்தில் மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டு ஏற ஆரம்பித்தோம். உச்சி வரைக்கும் நானூறுக்கும் மேலே படிகள். என் முழங்கால் உனக்குத் தெரியுமே. சின்னவன் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக எண்ணினான். நான் நின்றால் அவனும் நிற்பான், எண்ணிக்கையை விடாமல் அதே எண்ணையே முணுமுணுத்துக்கொண்டிருப்பான். மண்டபத்துக்குள்ளேயே படி போவதால் வெயில் தெரியவில்லை. கல் மட்டும் பாதத்துக்குச் சில்லென்று இருந்தது.

பாதி மலையில் தாயுமானவர் சன்னதி. அந்தக் கதை நீ சின்ன வயதில் கேட்டதுதான். இரத்தினாவதி நிறைமாதமாக இருக்கிறாள். பூம்புகாரிலிருந்து அவள் அம்மா பிரசவம் பார்க்கக் கிளம்பி வருகிறாள். காவிரியில் வெள்ளம், கடக்க முடியவில்லை. சிவபெருமானே அந்த அம்மாவின் உருவத்தில் வந்து பிரசவம் பார்க்கிறார். சித்திரைத் திருவிழாவில் இதை இன்றைக்கும் செட்டிப்பெண் மருத்துவம் என்று நடத்துகிறார்கள்.

இத்தனை வருடமும் நான் அந்தப் பெண்ணின் பக்கம் நின்றுதான் இந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன். வலியில் துடித்தவளுக்குத் துணை வந்ததே, அது போதும் என்று தோன்றும். அன்றைக்கு தீபாராதனை காட்டும்போது அக்கரையில் நின்ற அம்மாதான் என் கண்ணுக்குத் தெரிந்தாள். கையில் மருந்து மூட்டை. எதிரே கரை புரளும் தண்ணீர். ஓடக்காரன் வர மாட்டேன் என்றிருப்பான். வடியட்டும், வடியட்டும் என்று எத்தனை ராத்திரி உட்கார்ந்திருப்பாளோ! கடைசியில் ஓடிவந்து பார்த்தால் மகள் பக்கத்தில் தன்னைப் போலவே ஒருத்தி. அவளுக்கு என்ன தோன்றியிருக்கும்? எனக்கென்றால் ஆறுதல்தான், பாப்பா. யார் ரூபத்தில் வந்தால் என்ன, அந்த நேரத்தில் உன் தலையைத் தடவ ஒரு கை இருந்தால் சரி.

சுகப்பிரசவம் ஆனால் வாழைத்தார் கட்டுவதாக வேண்டிக்கொண்டேன்.

அங்கிருந்து மேலே போகிற வழியில் பல்லவர் குகை இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் குடைந்தது. நாங்கள் தாண்டிப் போயிருப்போம், அண்ணிதான் நிறுத்தினாள். பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுக்கிறவள் அல்லவா. சுவரில் கங்காதரர். சடையின் ஒரு நுனியைத் தூக்கிப் பிடித்திருக்கிறார், கங்கை அதில் இறங்குகிறாள். பக்கத்துத் தூணில் இருக்கும் வடமொழிக் கல்வெட்டுக்கு அண்ணி பொருள் சொன்னாள். சிவனுக்கு ஆறுகள் என்றால் பிரியமாம். கண்ணுக்கினிய காவிரியைப் பார்த்தால் அவள்மேலும் ஆசைப்பட்டுவிடுவாரோ என்று பயந்து, மலைமகள் பிறந்த வீட்டை விட்டுவிட்டு இந்த மலையிலேயே வந்து தங்கிவிட்டாளாம். காவிரி பல்லவனுக்கு உரியவள் என்று எடுத்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறாளாம். எல்லோரும் சிரித்தார்கள். நான் பார்வதியைப் பெற்றவளை நினைத்துக்கொண்டேன். இமயமலை எங்கே, காவிரிக்கரை எங்கே! கல்வெட்டில் அந்த அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

அப்பா குகையோடு நின்றுவிட்டார். நான் விடவில்லை. கடைசிப் படிகள் திறந்தவெளியில் பாறைமேலேயே ஏறுகின்றன. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக வைத்தேன். புடவைத் தலைப்பைக் காற்று பிடுங்கியது. உச்சிப் பிள்ளையாரிடமும் உன் பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்தேன். ரங்கநாதரைத் தரையில் வைத்துவிட்டாரே என்ற கோபத்தில் விபீஷணன் பிள்ளையாரைக் குட்டிய தழும்பு நெற்றியில் எங்கே என்று பெரியவள் குருக்களையே கேட்டுவிட்டாள்.

வெளியே வந்து நின்றால் ஊர் முழுக்கக் காலடியில். பாறை 273 அடி உயரம், இமயமலையைவிடப் பழையது என்று அண்ணி சொன்னாள். கீழே தெப்பக்குளம், அந்தப் பக்கம் லூர்து மாதா கோயில் கோபுரம், வடக்கே காவிரி, அதற்கப்பால் கொள்ளிடம், நடுவில் ஸ்ரீரங்கம். காலையில் அண்ணாந்து பார்த்த ராஜகோபுரம் இங்கிருந்து கைக்கடக்கமாக இருக்கிறது. அது 236 அடி. மேட்டூரில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். காவிரி இரண்டு கரையும் தொட்டு, ஆடி மாதத்துக்கே உரிய செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. பாலத்தில் பஸ்கள் வரிசையாகப் போயின. இப்போதெல்லாம் அக்கரைக்குப் போக ஐந்து நிமிடம் ஆகுமா? நான் ரொம்ப நேரம் அந்த ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். இருட்டப் போகிறது என்று அண்ணன் வந்து கையைப் பிடித்து இறக்கினான்.

விசா இன்னும் வரவில்லை. தினமும் காலையில் அண்ணன் பார்த்துச் சொல்கிறான். ஐப்பசிக்கு இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது, வந்துவிடும். பெட்டியைப் பாதி கட்டிவிட்டேன். தாயுமானவர் சன்னதி விபூதியை உன் பழைய குங்குமச் சிமிழில் போட்டு, புடவைக்கு நடுவே வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் மாப்பிள்ளையிடம் கேட்டு எழுது. சுக்கு, திப்பிலி, ஓமம் எல்லாம் அந்த ஊர் விமான நிலையத்தில் விடுவார்களா? பொடியாகக் கொண்டுவரலாமா, லேகியமாகக் கிண்டியே எடுத்து வரலாமா? விட மாட்டார்கள் என்றால் மெல்பர்னிலேயே எந்தக் கடையில் கிடைக்கும் என்று இப்போதே பார்த்து வைக்கச் சொல்.

ராத்திரி இடது பக்கம் ஒருக்களித்துப் படு.

அன்புடன்,
அம்மா