தேன்மொழிக்கு, பாளையங்கோட்டையிலிருந்து

அன்புள்ள தேனுவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, எண்ணெய் தேய்க்கச் சொன்னால் தேய்ப்பதில்லை. மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள். சங்கரன் மாமா மகளுக்கு நிச்சயம் ஆகிவிட்டது, கல்யாணம் ஆவணியில். நீ போனை எடுப்பதில்லை என்பதற்காக எழுதுகிறேன் என்று நினைக்காதே. உனக்கு வேலை இருக்கும், தெரியும். போனில் என்றால் அம்மா பக்கத்திலேயே நிற்பாள். ஈமெயிலில் அனுப்பாமல் தபாலில் அனுப்பவும் காரணம் இருக்கிறது, படித்தால் உனக்கே புரியும்.

கொஞ்ச நாளாக பேப்பரில் அந்த அமெரிக்கப் பணக்காரன் ஜெஃப்ரி எப்ஸ்டீன் சமாசாரம் வந்தால் ஒரு வரி விடாமல் படிக்கிறேன். "அந்த அசிங்கத்தை எதுக்குப் படிக்கிறீங்க" என்று அம்மா திட்டுகிறாள். அந்த ஆளைப் பற்றி எனக்குத் தெரிந்தது போதும். சிறுமியைச் சீரழித்த வழக்கில் 2008-இல் புளோரிடா கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டவன், 2019-இல் நியூயார்க் ஜெயிலில் செத்துப்போனவன். அவனுக்கு மெயில் எழுதிய பெரிய மனிதர்களைப் பற்றித்தான் தேடித் தேடிப் படிக்கிறேன். உங்கள் ஊர் பீட்டர் மண்டேல்சன், வாஷிங்டனில் பிரிட்டன் தூதராக இருந்தவர், தண்டனை வந்த சமயத்தில் அவனுக்கு ஆறுதல் சொல்லி எழுதிய மெயில்கள் வெளியே வந்ததும் 2025 செப்டம்பரில் பதவி போய்விட்டது. லாரி சம்மர்ஸ் அமெரிக்காவுக்கே நிதியமைச்சராக இருந்தவர். தன் சொந்த விவகாரத்துக்கு அவனிடம் போய் யோசனை கேட்டிருக்கிறார்! ஹார்வர்டுக்குத் தலைவராக இருந்தவருக்கு வேறு ஆளா கிடைக்கவில்லை?

ஆனால் என்னைத் தூங்கவிடாதவர் ஜெஸ் ஸ்டேலி. பார்க்லேஸ் வங்கியையே நடத்தியவர், நீ பெயர் கேள்விப்படாமல் இருக்க மாட்டாய். அதற்கு முன்னால் ஜேபி மார்கன் என்ற அமெரிக்க வங்கியில், நீ இருக்கிற மாதிரி பணக்காரர் கணக்குகளைப் பார்க்கும் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். எப்ஸ்டீன் அங்கே பெரிய வாடிக்கையாளர், நம் பாஷையில் பார்ட்டி. 2008-இலிருந்து 2012 வரை இரண்டு பேருக்கும் நடுவில் ஆயிரத்து இருநூறு மெயில் போல என்று வழக்கில் சொல்கிறார்கள். தண்டனை ஆன பிறகு, தேனு. 2019-இல் பிரிட்டனின் நிதி ஒழுங்குமுறை அமைப்பு பார்க்லேஸிடம் விளக்கம் கேட்டது. இருவருக்கும் நெருங்கிய பழக்கம் கிடையாது, இவர் பார்க்லேஸுக்கு வருவதற்கு வெகு முன்பே தொடர்பு விட்டுப்போச்சு என்று பதில் போனது. அந்தக் கடிதத்தை இவர் பார்த்து, சரி என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள். பழைய மெயில்களைப் பிரித்தால் ஆழமான சிநேகிதம், போற்றி வைத்திருக்கும் சிநேகிதம் என்று இவரே எழுதியிருக்கிறார். 2021-இல் பதவியை விட்டார். 2023-இல் இனி அந்தத் தொழிலில் பெரிய பொறுப்பு எதிலும் இருக்கக் கூடாது என்று தடை, பதினெட்டு லட்சம் பவுண்டு அபராதம். அப்பீலில் அபராதம் பதினொரு லட்சமாகக் குறைந்தது, தடை அப்படியே நின்றது. அவன் செய்த குற்றம் எதுவும் தனக்குத் தெரியாது என்றுதான் இவர் சொல்கிறார். இருக்கட்டும். இவருக்கு அபராதம் போட்டது அந்தக் குற்றத்துக்காக இல்லையே, நெருங்கிய பழக்கம் இல்லை, தொடர்பு எப்போதோ விட்டுப்போச்சு என்ற அந்த இரண்டு வரிக்காகத்தானே.

இதையெல்லாம் உனக்கு எதற்கு எழுதுகிறேன்? நீ இதே துறையில் இருக்கிறவள், என்னைவிட அதிகம் தெரிந்தவள். நம் தெருவில் லண்டன் வங்கியில் உட்கார்ந்திருக்கும் பெண் நீ ஒருத்திதான். என்னோடு எல்.ஐ.சி.யில் இருந்த ராமையா பார்க்கும்போதெல்லாம் "பொண்ணு எப்படி இருக்கா சார்" என்பார், நானும் நின்று பத்து நிமிஷம் பெருமையடித்துவிட்டுத்தான் வருவேன். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே பெருமைதான். பெருமை இருக்கிற இடத்தில்தான் பயமும் இருக்கிறது. பொங்கலன்று பேசினாயே, அதிலும் பாதி நேரம் உன் பார்ட்டியைப் பற்றி, "அவர் என்னைக் குடும்பத்தில் ஒருத்தியா நினைக்கிறார்ப்பா" என்றுதான் சொன்னாய்.

குட்டியின் காதுகுத்துக்கு அவர் போட்ட சங்கிலியை நீங்கள் ஊருக்குக் கிளம்பும்போது பீரோவில் வைத்துவிட்டுப் போனாய். அம்மாவுக்குத் தெரியாமல் தெற்குத் தெரு ஆசாரியிடம் கொண்டுபோனேன். தராசில் வைத்தார், ஐந்து பவுனுக்கு மேலே நின்றது. "உள்ளூர் வேலை இல்லையே, யார் போட்டது?" என்று கேட்டார். பெண்ணின் சிநேகிதர் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல? பார்ட்டி என்றால் ஏன் போட்டார் என்று கேட்பார். அந்தச் சங்கிலியைப் பற்றி ஆபீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறாயா? கொடுத்திருப்பாய். கொடுத்திருந்தால் இந்தப் பத்தியை விட்டுவிட்டு மேலே படி.

எழுதும்போது பார்த்து எழுது. அவருக்கு "அங்கிள்" என்றெல்லாம் மெயில் போடாதே. கடிதம் கவிழ்த்த ஆட்களை எங்கள் எல்.ஐ.சி.க்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முந்த்ரா கதை உனக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறேன், நீ தூங்கிவிடுவாய். 1957 ஜூனில், கார்ப்பரேஷன் பிறந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம், ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிப் பங்குகளை ஏறக்குறைய ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கினார்கள். முதலீட்டுக் கமிட்டியைக் கேட்கவே இல்லை. எல்லாம் பாலிசிதாரர் பணம். நிதியமைச்சர் நம்ம டி.டி. கிருஷ்ணமாச்சாரியும் (டி.டி.கே.தான்) நிதித்துறைச் செயலாளர் எச்.எம். படேலும் எழுதிக்கொண்ட ரகசியக் கடிதங்களை பெரோஸ் காந்தி லோக்சபாவில் எடுத்துப் போட்டார். அவர் நேருவின் மருமகன், சொந்த மாமனாரின் அரசாங்கம் என்று பார்க்கவில்லை. பம்பாயில் நீதிபதி சக்ளாவின் விசாரணை நடந்தபோது கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி கட்டினார்களாம். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. ராஜினாமா.

அப்புறம் என்ன ஆனது? டி.டி.கே. 1962-இல் மறுபடி மந்திரிசபைக்கு வந்தார், அடுத்த வருஷமே நிதியமைச்சர். படேலும் 1977-இல் நிதியமைச்சர் ஆனார். விழுந்தால் தூக்கிவிட அவர்களுக்கு ஆள் இருந்தது. நமக்கு யார் இருக்கிறார்கள், சங்கரன் மாமாவா?

பார்த்து எழுது என்று சொல்லிவிட்டு யோசித்தேன். ஜாக்கிரதையாக மறைத்து எழுது என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே. ஸ்டேலி ஜாக்கிரதையாக எழுதியிருந்தால் மட்டும் நல்லவராகியிருப்பாரா? அந்தச் சிறுமிகளுக்கு நடந்தது நடந்ததுதானே. ஜேபி மார்கன் அந்தப் பெண்களுக்கு இருபத்தொன்பது கோடி டாலர் கொடுத்துக் கணக்கை முடித்தது. மெயில்கள் பத்திரமாக ஒளிந்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது. உன் பார்ட்டி எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. நல்லவராகவே இருக்கலாம். அவர் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதற்குத்தானே உனக்குச் சம்பளம் தருகிறார்கள்? குடும்பத்தில் ஒருத்தி ஆகிவிட்டால் அதை எப்படிக் கேட்பாய்?

மாப்பிள்ளையிடம் இதைக் காட்ட வேண்டாம், வருத்தப்படுவார். காட்டினாலும் சரி.

சங்கிலி பீரோவில்தான் இருக்கிறது. நீ சொன்னால் நான் இன்ஷ்யூர் செய்து அவர் விலாசத்துக்கே அனுப்பிவிடுகிறேன், செலவு என்னுடையது. மாமா மகள் கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாடியே வரப் பார். ஆபீஸில் லீவு இப்போதே சொல்லி வை. டிக்கெட்டை மட்டும் இந்தத் தடவை நீங்களே போடுங்கள். முன்சீட் வேண்டாம், பின்னால் உட்கார்ந்து வந்தாலும் மதுரையில்தான் இறக்கிவிடுவான். பணம் குறைந்தால் எனக்குச் சொல், என் எஃப்.டி. ஆடியில் முடிகிறது.

அப்பா